வானம் பார்க்கிற ஆள்

தீவனக் கடை வாசலில் அந்தப் பலகையை மாட்டியது ஆர்டிஸ்தான். "காடு எரியும்போது உங்கள் ட்ரோன் மேலே போனால் தண்ணீர் கொட்டுகிற விமானம் கீழே இறங்கிவிடும். வீட்டிலேயே வையுங்கள்" என்று பச்சைப் பெயிண்டில் பட்டை பட்டையாக எழுதி, அடியில் தன் பெயரையும் போன் நம்பரையும் போட்டிருந்தாள். சந்தேகம் இருந்தால் கூப்பிட்டுக் கேட்கலாமாம். மொண்டானாவில் எங்கள் டாமரேக் ஓடைப் பக்கம் ட்ரோன் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். முறையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். அதிலும் போகிற இடமெல்லாம் சட்டம் பேசி மற்றவர் பிராணனை வாங்குகிறவள் ஆர்டிஸ் ஸ்கார் ஒருத்திதான்.

வேலை என்று பார்த்தால் அவள் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். காலையில் பஸ்ஸைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்க்காமல் சாவியைத் தொட மாட்டாள். ட்ரோன் விஷயத்திலும் அதே கதைதான். போனில் வரைபடத்தைத் திறந்து, வானத்தில் எங்கேயாவது சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பாள். காற்றைப் பார்ப்பாள். இறக்கை ஒவ்வொன்றையும் விரலால் தடவி, பதிவு நம்பர் ஸ்டிக்கர் உரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள். அதற்குள் அவள் புருஷன் வெர்ன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து ஒரு தெர்மாஸ் காப்பியைக் குடித்து முடித்திருப்பான்.

"ஏம்மா, மாட்டுத் தொட்டில தண்ணி இருக்கான்னு பாக்கறதுக்கு இவ்வளவு பூஜையா? நான் குதிரைல போயிருந்தா இந்நேரம் பாத்துட்டே வந்திருப்பேன்."

"போயேன். யாரு புடிச்சு வெச்சிருக்கா?"

போக மாட்டான். அவனுக்கு அங்கே ஒரு உத்தியோகம் இருந்தது. பறக்கிற மிஷின் மேல் எந்நேரமும் ஒரு ஜோடிக் கண் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆர்டிஸ் திரையைப் பார்க்க வேண்டுமே, அண்ணாந்து கொண்டிருந்தால் எப்படி? அதனால் வெர்ன் ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்தைத் தூக்கி வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். "கழுகு ஒண்ணு வருது... இல்ல, காக்கா... அது அதும்பாட்டுக்குப் போவுது" என்று வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "மாடு மேய்க்கறேன், மத்த நேரத்துல வானம் பாக்கறேன்" என்பான்.

பலகை வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். போன கோடையில் மேற்கு மலையில் தீப்பிடித்தபோது, லீவுக்கு வந்து மரவீட்டில் தங்கியிருந்த ஒரு ஆள் தீயைப் படம் பிடிக்கிறேன் என்று ட்ரோனை விட்டான். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த விமானங்கள் அத்தனையும் இறங்கிவிட்டன. சின்னஞ்சிறு ட்ரோன்தான், ஆனால் ஹெலிகாப்டர் விசிறியில் மாட்டினால் உள்ளே இருப்பவர்கள் யாரும் மிஞ்ச மாட்டார்கள். அவனைத் தேடிப் பிடித்து அதை இறக்க வைப்பதற்குள் தீ முகடு தாண்டிவிட்டது. இந்தப் பக்கம் முதலில் நின்ற வீடு ஓபல் ரிங்ஸ்டாட் உடையது. புருஷன் கட்டின வீடு, அவன் கல்யாணச் சட்டை, பிள்ளைகளின் போட்டோக்கள், எல்லாம் போச்சு. ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டபோது ஆர்டிஸ் எழுந்து, "அந்த ஆளு மட்டும் என் கையில கிடைச்சான், அந்த இறக்கைய ஒவ்வொண்ணா முழுங்க வெப்பேன்" என்று விரலை ஆட்டிச் சொன்னாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுநாள் பலகை எழுதினாள்.

இந்த ஆகஸ்டில் மழையே இல்லாமல் வெறும் இடியும் மின்னலுமாக ஒரு மாலை போனது. மறுநாள் விடிந்தபோது கிழக்கு முகட்டுக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு புகை நின்றது. மலைக்காட்டு மேய்ச்சல் நிலத்தில்தான் வெர்ன், அவன் தம்பி லேலண்ட் இரண்டு பேரின் பசுக்களும் கன்றுகளும் இருந்தன. பங்கு பிரிக்காத மந்தை. வெர்ன் நாலு சக்கர மோட்டார் வண்டியை எடுத்தான். டாட் என்கிற நாய் பின்னால் ஏறிக்கொண்டது.

"லேலண்டும் வரட்டுமே," என்றாள் ஆர்டிஸ்.

"அவன் வைக்கோல் கட்ட ஏத்திக்கிட்டு இருக்கான். அவன் வந்து, காப்பி குடிச்சு, கதை பேசி... நான் போய் ஓட்டிக்கிட்டே வந்துடுவேன். மத்தியானம் ஏதாச்சும் சூடா பண்ணி வை."

அவ்வளவுதான் சொன்னான். பெரிதாக ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சூடாகப் பண்ணி வைத்தாள். அது ஆறிப் போயிற்று. பத்து மணிக்கே காற்று கிளம்பி அந்த ஒல்லிப் புகை மலை முழுக்கப் படர்ந்துவிட்டது. போனில் வரைபடத்தைத் திறந்தாள். முகட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் தங்கள் வீட்டையும் சேர்த்து ஒரே சிவப்பு வட்டம். தீயணைப்பு விமானங்களைத் தவிர வேறு எதுவும் பறக்கக் கூடாது.

லேலண்ட் வண்டியை முற்றத்தில் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். அண்ணனைவிட ஒரு பிடி உயரம், அண்ணனைவிட மூன்று மடங்கு கோபம். முகமெல்லாம் கரி.

"மலைப்பாதைல நடு கேட்டு வரைக்கும் போனேன். அதுக்கு மேல புகையில என் கையே எனக்குத் தெரியல. போலீஸ்கார டுவெய்ன் வந்து வண்டியக் குறுக்கப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டான். வெர்ன் இன்னும் வரலியா?"

"வரல. போனும் போகல."

"அங்க எந்தக் காலத்துல போன் போயிருக்கு?" சிங்க்கில் தலையைக் கொடுத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். "இந்தத் தீயணைப்புப் பசங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு வேணாம்? நடு கேட்ட ஆன்னு தொறந்து போட்டுட்டுப் போயிருக்கானுங்க. மாடு அது பாட்டுக்கு இறங்கி ரோட்டுக்கு வந்தா லாரில அடிபட்டுச் சாகும். சாத்தி, சங்கிலி போட்டுட்டு வந்தேன்."

"நல்ல காரியம் பண்ணினே," என்றாள் ஆர்டிஸ்.

அவள் மட்டுமல்ல, பள்ளத்தாக்கில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் செருப்பு மாட்டப் பழகுவதற்கு முன்னால் கேட்டைச் சாத்தப் பழகிவிடும். ஓபலின் மருமகன் பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஒரு கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனான். இருபது வருஷமாகிறது, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இன்றைக்கும் அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தக் கேட்டில்தான் ஆரம்பிப்பார்கள்.

லேலண்ட் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே அலமாரி மேலிருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினான். "அதை எடு."

"வானம் மூடியிருக்கு லேலண்ட்."

"வானம் மூடியிருக்கா! எங்க, பூட்டைக் காட்டு பாப்போம்."

"வெளையாடாதே."

"யாரு வெளையாடறா? சூடு பாக்கிற கேமரா அதுல இருக்கில்ல? இருட்டுல, பொதருக்குள்ள கன்னுக்குட்டி படுத்திருந்தாக்கூடத் தெரியும்னு நீதானே ஊரெல்லாம் பீத்திக்கிட்டே? இப்ப என் அண்ணன் உள்ள இருக்கான். எடு."

"நான் ஏத்தினா ஹெலிகாப்டர் இறங்கிடும். அப்புறம் அவன் தலைக்கு மேல யாரு தண்ணி ஊத்துவா? நீயா?"

"ரெண்டு நிமிஷம். யாருக்குத் தெரியப் போகுது?"

"ஏத்தின நிமிஷமே அது தன் நம்பர ரேடியோவுல சொல்லிக்கிட்டே பறக்கும். அதுவும் சட்டந்தான். இல்லாட்டியும் ஒரு பைலட் கண்ணுல பட்டாப் போதும், எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க."

"சரி, நிறுத்தட்டும். அபராதம் போடட்டும். ஜெயில்ல போடட்டும், நான் போறேன்."

"அபராதத்துக்கா நான் பயப்படறேன்? உனக்கு எத்தனை தடவ சொல்றது?" என்று ஆர்டிஸ் கத்திவிட்டாள். கத்தின பிறகு காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

முறைப்படி ஒரு வழி இருந்தது. அவசரம் என்றால் கேட்டு அனுமதி வாங்கலாம். பரீட்சைக்குப் படித்தபோது அந்தப் பக்கத்தின் ஓரத்தில் கோடு போட்டு வைத்திருந்தாள். நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். பாட்டு ஓடிற்று. ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வழியாக எங்கேயோ தூர தேசத்து ஆபீசிலிருந்து ஒரு பெண் பேசினாள். ரொம்ப மரியாதையான பெண்.

"உங்க கஷ்டம் புரியுதுங்க மேடம். ஆனா தனி ஆளுக்கு நாங்க நேரடியாக் குடுக்க முடியாது. அந்தத் தீயை அணைக்கிற வேலைய யாரு நடத்தறாங்களோ, அந்தத் தலைமை கேட்கணும். அவங்க கேட்டா நாங்க உடனே பண்ணிடுவோம்."

"அவங்க போனை எடுக்க மாட்டேங்கறாங்களே."

"தீ எரியுதில்லைங்களா மேடம். மறுபடி முயற்சி பண்ணிப் பாருங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் நல்லபடியா வரணும்னு வேண்டிக்கறேன்," என்றாள். அந்த வார்த்தை கேட்டுத்தான் ஆர்டிஸுக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் வரவில்லை.

டுவெய்ன் நல்ல மனுஷன். வெர்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். தானே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தீயணைப்பு முகாமுக்குப் போனான். திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டான்.

"விமானம் வேலை செய்யற வரைக்கும் முடியாதுங்கறாங்க, ஆர்டிஸ். வெர்ன் பேர எழுதிக்கிட்டாங்க. பறக்கிற அத்தனை பேருக்கும் சொல்லியாச்சு, பாத்துக்கிட்டே இருப்பாங்க. அவங்களோட சொந்த ட்ரோன் ஆளுங்க வேற மாநிலத்துலேர்ந்து வந்துக்கிட்டிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"நாளைக்கின்னு சொல்றாங்க."

"நாளைக்கி," என்றான் லேலண்ட். "கேட்டியா பைலட்டம்மா? நாளைக்கி. மிஷின் இங்க இருக்கு. லைசென்ஸ் இங்க இருக்கு. ஆளு அங்க இருக்கான். நாளைக்கி!"

டுவெய்ன் படியிறங்கிப் போய்விட்டான்.

மத்தியானத்துக்கு மேல் ஓபல் வந்தாள். எழுபது வயதுக்காரி, கையில் உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் சேர்த்து அடுப்பில் வைத்த பெரிய கண்ணாடித் தட்டு. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குக் கெட்ட காலம் வந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், சமையலறை மேஜையில் எத்தனை தட்டு மூடி வைத்திருக்கிறது என்று பார்த்தால் போதும். அன்றைக்கு ஏற்கெனவே இடமில்லை. ஓபல் ட்ரோன் பெட்டியைச் சற்று நகர்த்தித் தட்டை வைத்தாள். நகர்த்தின கை அந்தப் பெட்டி மேலேயே நின்றது.

"கண்ணு," என்றாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க ஓபல்."

"எடுத்துப் பறக்க விடு."

ஆர்டிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னை ஏன் அப்படிப் பாக்கறே? என் வீடுதான் போச்சு. அது வீடு. பலகையும் ஆணியும். இது வெர்ன். யாராவது கேட்டா, நானே இங்க இருந்தேன், இவ பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தான்னு பைபிள் மேல கை வெச்சுச் சொல்றேன்."

"முகட்டுக்கு அந்தப் பக்கம் நாலு வீடு இருக்கு ஓபல். தரையில தீயணைப்புப் பசங்க இருக்காங்க, மம்பட்டியோட."

"தெரியும்."

"வெர்ன் இருக்கானே, அவனுக்கு மேலயும் ஹெலிகாப்டர்தான் தண்ணி ஊத்துது. நான் போனா அதுவும் நின்னுடும்."

"எல்லாம் தெரியும் கண்ணு. என்னைவிட யாருக்குத் தெரியும்? இருந்தாலும் சொல்றேன்." கிழவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "நான் உன் இடத்துல இருந்தா விட்டிருப்பேன். அப்புறம் செத்தும் இருப்பேன், அவமானத்துல. ஆனா விட்டிருப்பேன்."

யாராவது தடுத்திருந்தால் ஆர்டிஸ் உட்கார்ந்தே இருந்திருப்பாள். தடுக்க வேண்டியவளே விடச் சொன்னதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துப் பின்னால் போனாள். இறக்கைகளைப் பிரித்தாள். பாட்டரி போட்டாள். திரையில் சிவப்பாக எச்சரிக்கை வந்தது. புரிந்துகொண்டேன் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அழுத்தினாள். அது வழிவிட்டுவிட்டது. இறக்கைகள் சுற்ற ஆரம்பித்து, தரையில் கிடந்த வைக்கோல் துணுக்கெல்லாம் பறந்தது. பின்னால் லேலண்ட் வந்து நின்றான். "அப்படிப் போடு," என்றான் மெதுவாக.

அந்த நேரம் பார்த்து மரத்து மேலாக ஹெலிகாப்டர் வந்தது. தொழுவத்துக்குக் கீழே இருந்த மாட்டுக் குளத்துக்குத்தான். வெர்ன் தோண்டின குளம். நீளக் கயிற்றில் தொங்கின வாளியை அதில் முக்கி, ஒழுக ஒழுகத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அவ்வளவு கிட்டத்தில் எழுந்தது. கண்ணாடிக்குள் பைலட்டின் தலைக்கவசம் தெரிந்தது. அவன் கீழே நின்ற பெண்பிள்ளையைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு முகட்டைப் பார்த்துப் போனான், வெர்ன் இருந்த திசைக்கே.

ஆர்டிஸ் இறக்கைகளை நிறுத்தினாள். ஒவ்வொன்றாக மடக்கினாள். பெட்டிக்குள் வைத்துக் கொக்கியைப் போட்டாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

லேலண்ட் அந்தப் பெட்டியைப் பார்த்தான். பிறகு, "என் அண்ணன் அங்க கிடக்கான்," என்றான். "நீ உன் சட்டத்தக் கட்டிக்கிட்டு அழு." காறித் துப்பிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். போகும்போதும் முற்றத்து கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போனான்.

பொழுது சாயும் நேரத்தில் டாட் மட்டும் வந்தது. நாலு பாதமும் வெந்து, வாலில் முடி கருகி, நொண்டிக்கொண்டு வந்து மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டது. ஆர்டிஸ் அதன் காலுக்குக் களிம்பு போட்டுத் துணி சுற்றினாள். "எங்கடா அவன்? எங்க விட்டுட்டு வந்தே?" என்று கேட்டாள். நாய் அவள் கையை நக்கிற்று.

மறுநாள் புகை பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டது. விமானங்களே பறக்கவில்லை. வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை, ஆனாலும் சிவப்பு வட்டம் போகவில்லை. கேட்டதற்கு, புகை விலகினால் எந்த நிமிஷமும் கிளம்புவோம் என்றார்கள். காற்று வேறு கூரைத் தகட்டைப் பிய்க்கிற மாதிரி அடித்தது. சட்டம் விட்டிருந்தாலும் அந்தக் காற்று விட்டிருக்காது. வரவேண்டிய ட்ரோன் ஆட்களும் அந்தக் காற்றில் பெட்டியைத் திறக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆர்டிஸ் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்த வட்டத்தைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தாள். தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. யாரும் தொடவில்லை.

அதற்கும் மறுநாள் டுவெய்ன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். தொப்பியைப் பார்த்ததுமே ஆர்டிஸுக்குத் தெரிந்துவிட்டது.

"முகட்டு மேலேர்ந்து இறங்கின ஆளுங்க கண்டுபிடிச்சாங்க. குறுகலா வர்ற அந்த ஓடை இடுக்குல." தொப்பியின் விளிம்பைத் திருப்பினான். "தீ இல்ல ஆர்டிஸ். அதை மட்டும் கேட்டுக்க. தீ வர்றதுக்கு முன்னாடியே போயிட்டான். மாடு மிதிச்சிருக்கு. மந்தையக் கிட்டத்தட்டக் கீழ கொண்டாந்துட்டான் பாவம். என்ன எழவோ, அதுங்க மிரண்டு அப்படியே திரும்பி அவன் மேலயே ஓடியிருக்கு."

"ஏன் திரும்புச்சு?" என்றான் லேலண்ட். அவன் சுவரோரமாக நின்றிருந்தான்.

"யாருக்குத் தெரியும்? புகை. பயம்."

"கீழ இறங்கற மாடு ஏன் திரும்பணும்? தீ மேல இருக்கு. வீடு கீழ இருக்கு. வழி தெரிஞ்ச மாடுங்க."

"லேலண்ட், தெரியலப்பா."

சர்ச்சில் அடக்கம் முடிந்து, கீழ்த்தளத்தில் எல்லாரும் காகிதத் தட்டில் பன்றிக்கறி சாண்ட்விச் வைத்துக்கொண்டு நின்றபோது லேலண்டின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. "கையில இருந்துச்சு அவகிட்ட. இறக்கை சுத்திக்கிட்டிருந்துச்சு. நான் பாத்தேன். நிறுத்தி உள்ள வெச்சுட்டா." யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அது ஆர்டிஸின் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னான், விழுந்தது. தீவனக் கடைப் பலகையை யாரோ கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். ஓபல் சுத்தியல் கொண்டுபோய்த் திரும்ப மாட்டிவிட்டு வந்தாள்.

தீ முகட்டோடு அடங்கி, வட்டத்தைச் சுருக்கினார்கள். ஒரு காலையில் போனில் வரைபடத்தைத் திறந்தபோது மேய்ச்சல் நிலம் சிவப்பு போய் வெளுப்பாக இருந்தது. வானம் திறந்துவிட்டது. ஆனால் மலைப்பாதையை மரம் விழுந்து அடைத்திருந்தது. அதை வெட்டி எடுக்கும் வரைக்கும் யாரும் மேலே போகக் கூடாது என்று உத்தரவு. மந்தையில் உயிரோடு ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நின்றால் அதற்குத் தண்ணீர் கிடையாது.

லேலண்டைக் கூப்பிட வேறு வழியில்லை. பாதி மாடு அவனுடையது. வந்தான். குட் மார்னிங்கூடச் சொல்லவில்லை.

"எனக்கு வானம் பாக்க ஒரு ஆள் வேணும்," என்றாள் ஆர்டிஸ்.

"நான் என்ன பண்ணணும்?"

"இதை மாட்டிக்க. அது மேல இருக்கிற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டிரு. வேற விமானம் வந்தாச் சொல்லு. என்ன ஆனாலும் கண்ண எடுக்கக் கூடாது."

அவள் நீட்டின ஆரஞ்சுச் சட்டையை அவன் வாங்கி ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டிருந்தான். அண்ணனுடையது, தோளில் இறுக்கிற்று. பாதை அடைபட்டிருந்த திருப்பத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ஆர்டிஸ் வரைபடம் பார்த்தாள், காற்றுப் பார்த்தாள், இறக்கைகளை விரலால் தடவினாள். லேலண்ட் அவசரப்படுத்தவில்லை. ட்ரோன் எழுந்து மலைச்சரிவை ஒட்டிப் போயிற்று.

முதலில் சூடு பார்க்கிற கேமராவைப் போட்டாள். திரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஒவ்வொரு மரக்கட்டையும் உள்ளுக்குள் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. எது மாடு, எது மரம் என்று தெரியவில்லை. அன்றைக்கு விட்டிருந்தால் மட்டும் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும், தெரிந்திருக்காது. இனி சாகிற வரைக்கும் அந்தக் கேள்வி தன்னோடுதான் என்று அவளுக்குப் புரிந்தது. சாதாரணக் கேமராவுக்கு மாற்றினாள்.

நடு கேட் திரையில் வந்தது.

இரண்டு பக்கமும் வேலி இல்லை. மரத்தூண்கள் எரிந்து, கம்பி தரையில் சுருண்டு கிடந்தது. இரும்பு கேட் மட்டும், கருகின இரண்டு இரும்புக் கால்களுக்கு நடுவில் தனியாக நின்றது. சாத்தியிருந்தது. கீழ்ப்பக்கத்திலிருந்து சங்கிலி கொக்கியில் கச்சிதமாக மாட்டியிருந்தது. அதற்கு மேல்பக்கம், கேட்டை முட்டிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக மாடுகள் கிடந்தன.

அந்தக் கேட்டைத் திறந்து போட்டது தீயணைப்புப் பசங்கள் இல்லை. வெர்ன். போகும்போதே, திரும்பி ஓட்டிக்கொண்டு வருவதற்கு வழி வேண்டும் என்று திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வாழ்நாளில் ஒரு கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதவன், அன்றைக்கு ஒரு நாள் போட்டான். புகைக்குள் முன்னால் வந்த பசுக்கள் சாத்தின கேட்டில் மோதியிருக்கின்றன. பின்னால் வந்தவை திரும்பிவிட்டன. நாய் மட்டும் அடியில் நுழைந்து வந்துவிட்டது. நல்ல காரியம் பண்ணினே என்று தன் வாயால் சொன்னது ஆர்டிஸுக்கு ஞாபகம் வந்தது.

லேலண்ட் ஊரெல்லாம் சொன்ன பேச்சுக்கு, இந்தத் திரையை இப்படித் திருப்பிக் காட்டினால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

"என்ன தெரியுது?" என்றான் லேலண்ட்.

"மாடுங்க."

"உசுரோடயா?"

"இங்க இல்ல. ஓடைக்கு மேல பாக்கணும்."

அவன் தலை திரும்பப் பார்த்தது. "காட்டு, நானும் பாக்கறேன்."

"கண்ண எடுக்காத லேலண்ட். நீ பாக்கலன்னா நான் இறக்கிடணும்."

தலை நின்றுவிட்டது. சட்டம் என்றால் எகிறிக் குதிக்கிறவன், அன்றைக்கு எதிர்த்து ஒரு சொல் சொல்லாமல் அண்ணாந்தபடியே நின்றான். நாளைக்கோ மறுநாளோ மரத்தை வெட்டிவிடுவார்கள். முதல் வண்டி அவனுடையதாகத்தான் இருக்கும். அந்தச் சங்கிலியை அவன் கையாலேயேதான் கழற்றப் போகிறான். அவளுக்கு முன்னால் போய்க் கழற்றிவிடவும் வழியில்லை. பாதைக்கும் உத்தரவு இருக்கிறது. கேமராவை மெள்ள மேலே தூக்கி, முகட்டுப் பக்கம் திருப்பினாள்.

"ஆர்டிஸ்."

"என்ன?"

குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "நடு கேட்டு... அது தெரியுதா?"

"தெரியல," என்றாள். "அங்க ஒரே புகையா இருக்கு."

காற்று அடித்துத் துடைத்துவிட்டிருந்த காலை அது. ஒரு முகட்டிலிருந்து மறு முகடு வரைக்கும் வானம் நீலமாக, மருந்துக்குக்கூட ஒரு பிசிறு புகை இல்லாமல் கிடந்தது. லேலண்ட் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி," என்றான். கண்ணை எடுக்கவில்லை.